கர்லகாஷ் கஃபேயில் சனிக்கிழமை டிஸ்கோ

எங்கள் ஊரில் கேளிக்கைக்கு இருப்பது ஒரே இடம், கர்லகாஷ் கஃபே. பகலில் அங்கே இறந்தவர்களுக்கான நாற்பதாம் நாள் விருந்து நடக்கும். அந்த வீட்டார் எழுந்து போனதும் வண்ண விளக்கு சுழலும், டிஸ்கோ. நாற்காலிகள் அதேதான். பாட்டுப் போடுவது நான்.

மெருயெர்த் மறுநாள் ரயிலில் தலைநகர் அஸ்தானாவுக்கு வேலைக்குப் போகிறாள். அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை. இன்று ஒரு மெதுவான பாட்டைப் போட்டு, அவளோடு ஆடி, பாட்டு முடிவதற்குள் 'நானும் வரட்டுமா' என்று கேட்டுவிடுவதாக இருந்தேன்.

ஸ்பீக்கரைச் சரிபார்க்க முன்னதாகவே போனேன். விருந்து முடியவில்லை.

"வா தம்பி, உக்காரு, சாப்பிடு" என்றார் ஒரு பெரியவர். சாவு விருந்துக்குக் கூப்பிட்டால் மறுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. குதிரைக்கறி நன்றாகவே இருந்தது. மேசையில் நான்தான் இளையவன் என்பதால் கெண்டியையும் துண்டையும் என் கையில் கொடுத்தார்கள். பெரியவர்களின் கைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனேன். அது இறந்தவர் வீட்டுப் பிள்ளைகள் செய்கிற வேலை.

மெருயெர்த் தோழிகளோடு வந்து என்னைப் பார்த்து நின்றாள்.

"மெய்ராம், உங்க வீட்லயா? ஏண்டா சொல்லவே இல்ல?"

"இல்ல, நான் வந்து..."

இறந்தவரின் மகன் என் தோளில் கை வைத்தார். கண் சிவந்திருந்தது. "நம்ம பிள்ளைதாம்மா. காலைலேர்ந்து ஓடி ஓடி வேலை பாக்குறான்."

நான் வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் அந்த முகத்துக்கு எதிரில், உங்கள் அப்பாவை எனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

துக்க வீட்டாரைக் கட்டிக்கொள்வதுபோல மெருயெர்த் என்னைக் கட்டிக்கொண்டாள். என் ஒரு கையில் கெண்டி, மறு கையில் துண்டு.

"இனி வருஷம் முடியிற வரைக்கும் உங்க வீட்ல யாரும் ஆடமாட்டீங்கல்ல" என்றாள். "பொறுமையா இரு." பிறகு தோழிகளிடம், "வாங்கடி, இன்னைக்கு டிஸ்கோ இல்ல. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

அவர்கள் வெளியேறினார்கள். கதவு சாத்துவதற்குள் கொஞ்சம் குளிர் உள்ளே வந்தது.

என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட பெரியவர் கையை நீட்டிக் காத்திருந்தார்.

"யாருப்பா அந்தப் பொண்ணு? மரியாதை தெரிஞ்சவளா இருக்கா. விட்டுடாத."

"சரிங்க தாத்தா" என்று தண்ணீரை ஊற்றினேன்.