மோட்டார் நின்றபின் இறங்கிய இரும்பு

தோழர்களே, அருகில் வந்து இந்தத் தாளைப் பாருங்கள். இரண்டு பக்கம், அடியில் ஒரு முத்திரை, முத்திரைக்கு மேல் ஒரு கையொப்பம். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால், கார்களுக்குத் தகடு அடிக்கும் ஒரு பட்டறையில், சென்ற மாதம் ஒரு பிற்பகலில், ஹேமாவதி என்ற பெண்ணின் வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கிப்போயின. அதற்கான அறிக்கை இது. இரண்டாம் பக்கத்தில் உள்ள வரிகளை உங்கள் கண்களாலேயே படியுங்கள்: "மோட்டார் நிறுத்தப்பட்டிருந்ததால் இயந்திரம் தானாக இறங்க வழியில்லை. இயந்திர அறிவில்லாத தொழிலாளி கவனக்குறைவாக மிதியை அழுத்தியிருக்க வேண்டும்."

விரலை இழந்தவள் குற்றவாளி. விரலை எடுத்த இரும்பு நிரபராதி. இந்த வரிகளின் மேல் நின்றுகொண்டுதான் அவளை வேலையிலிருந்து நீக்கப் போகிறார்கள்.

ஹேமாவதி என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பாலு, வெரலு போனது போச்சு. அந்த 'அறிவில்லாத'ங்கறதை மட்டும் எடுக்கச் சொல்லு. அந்த வார்த்த இருக்கற வரைக்கும் நான் எந்தப் பட்டறை வாசல்லயும் போயி நிக்க முடியாது."

கையொப்பத்தைப் பார்த்தேன். தேவானந்தம். அந்த 'தே'யின் சுழியை எங்கு கண்டாலும் எனக்குத் தெரியும். ஹேமாவதியும் தேவானந்தமும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு, தாம்பரத்தில், பகலெல்லாம் வேலை செய்தவர்களுக்கென்று நடந்த மாலைநேரப் பட்டயப் படிப்பு அது. வகுப்பு ஆறு மணிக்கு. செங்கல்பட்டு ரயில் ஹேமாவதியை ஐந்து மணிக்கே இறக்கிவிடும். நானும் தேவானந்தமும் ஐந்தேகாலுக்குள் வந்துவிடுவோம். வகுப்புக்கு முந்தைய அந்த முக்கால் மணி நேரத்தை நான் என் வாழ்வில் மறுபடியும் அடைந்ததே இல்லை. நடைமேடையின் கடைசி சிமெண்டு இருக்கை எங்களுடையது. நடுவில் பட்டாணிச் சுண்டல் பொட்டலம். மடியில் வரைபடத் தாள். வண்டி வரும்போதெல்லாம் தாள் பறக்கும். மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையை அழுத்திப் பிடிப்போம்.

இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பிலும் செயல்படும் விசைகளை ஒவ்வொரு கோடாக வரைய வேண்டும்; ஒரு கோடு முடியும் இடத்தில் அடுத்ததைத் தொடங்க வேண்டும். எல்லா விசைகளும் சமன்பட்டிருந்தால் கடைசிக் கோடு முதல் கோட்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்து உருவம் மூடிக்கொள்ளும். மூடாவிட்டால், ஏதோ ஒரு விசையை விட்டுவிட்டோம் என்று பொருள். என்னுடைய படங்கள் மூடுவதே இல்லை. தேவானந்தத்தின் படங்கள் அழிப்பானின் உதவியால் மூடும். ஹேமாவதியின் படங்கள் தாமாக மூடும்.

"எப்டி ஹேமா?" என்று தேவானந்தம் தலையைச் சொறிவான்.

"நீ கோட்டைப் பாக்கற. நான் மெஷினப் பாக்கறேன்," என்பாள் அவள், சுண்டலை மென்றுகொண்டே.

ஆய்வுக்கூடத்தில் ஓர் ஒற்றை உருளை எஞ்சின் இருந்தது. கிளப்பினால் அறையே நடுங்கும். அதன் சுழலும் தண்டில் எதிர் எடை பொருத்தி அதிர்வை அடக்குவது ஒரு பயிற்சி. அளவுக்கருவி பழுதாகிக் கிடந்த காலத்தில், அவள் காப்பித் தம்ளரில் நீர் நிரப்பி அடித்தளத்தின் மேல் வைத்தாள். நீரின் முகத்தில் வட்டங்கள் ஓடின. எடையை ஒரு துளை தள்ளிப் பொருத்தினாள், வட்டங்கள் மெலிந்தன. இன்னொரு துளை தள்ளினாள். நீர் ஏறக்குறைய அசையாமல் நின்றது. ஆசிரியர் குனிந்து அந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குத்தான் இயந்திர அறிவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளை அழைத்துக்கொண்டு கீழ்க்கட்டளையில் உள்ள தேவானந்தத்தின் வீட்டுக்குப் போனேன். அவன் இப்போது இயந்திரங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பொறியாளன். வீட்டார் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி யூனிஸ்தான் கதவைத் திறந்தாள். "வாங்கண்ணா. இவங்க...?"

பின்னால் வந்து நின்ற தேவானந்தம் ஹேமாவதியின் முகத்தைப் பார்த்தான்; பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்; அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நீ ரிப்போர்ட்டுல எழுதுன கை இதான் தேவா," என்றாள் ஹேமாவதி.

"மச்சான், சத்தியமா எனக்குத் தெரியாது," என்று அவன் என்னிடம் திரும்பினான். "ஹேமாவதின்னு பேரைப் பாத்தேன். நம்ம ஹேமான்னு தோணவே இல்ல."

"நம்ம ஹேமா இல்லேன்னா அப்டி எழுதலாமா?" என்றேன்.

யூனிஸ் பைபிளை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கோயிலுக்கு நேரமாவதை அவள் நினைவூட்டவில்லை.

"சரி, நீயே சொல்லு," என்றான் தேவானந்தம் ஹேமாவதியிடம். குரலில் கெஞ்சலும் வீம்பும் கலந்திருந்தன. "மோட்டார் ஆஃப். சக்கரம் மிச்ச வேகத்துல சும்மா சுத்துது. கிளட்ச் விட்டிருக்கு. மிதிய அழுத்தாம எந்த ஃபோர்ஸ் அதைக் கீழ இறக்கும்?"

"தாளை எடு. எனக்குப் பென்சில் புடிக்க வரல. நீ போடு, நான் சொல்றேன்."

அவன் வரையத் தொடங்கினான். மேலே சுழலும் தண்டு. அதிலிருந்து தொங்கும் இணைப்புக் கோல். கோலின் முனையில் ஏறி இறங்கும் மேல் இரும்பு. அதன் அடியில் தகட்டை அழுத்தும் அச்சு. வழுக்கை விழுந்த தலையும் கட்டுப் போட்ட கையும் ஒரே தாளின் மேல் குனிந்ததைப் பார்த்தபோது, தாள் பறந்துவிடப் போகிறதே என்று என் கை தானாக ஒரு மூலையை அழுத்தியது. மின்விசிறிகூட ஓடவில்லை.

"மேல் இரும்பு எங்க நின்னுச்சு? உச்சியிலயா?"

"உச்சி தாண்டி. பிரேக்கு தேஞ்சி மூணு மாசமா தாண்டித்தான் நிக்குது. நாலு தபா சொல்லிட்டேன், யாரு கேட்டாங்க?"

"தாண்டி நின்னா என்ன ஆகும்?" என்று கேட்டது யூனிஸ்.

"நீங்க சைக்கிள் ஓட்டிருக்கீங்களா? பெடலு நேரா மேல நிக்கசொல்ல ஏறி நின்னாலும் சுத்தாது. கொஞ்சம் முன்னால தள்ளி நின்னா, கால வெச்சாலே எறங்கிடும். அதேதான்."

தேவானந்தம் கோடுகளைச் சேர்த்தான். மூடவில்லை. அழிப்பானைத் தேடினான்.

"அழிக்காத. வெயிட்ட விட்டுட்ட பாரு," என்றாள் ஹேமாவதி. "மேல் இரும்பு தொண்ணூறு கிலோ. புது அச்சு நூத்திப் பத்து. தூக்கிப் புடிக்கிற ஸ்பிரிங்கு பழைய அச்சுக்குப் போட்டது, நூத்தி முப்பதுதான் தாங்கும். மிச்சம் எழுபது கிலோ இன்னா பண்ணும்? வேடிக்கை பாத்துகினு நிக்குமா?"

தோழர்களே, நாங்கள் எழுதிய தேர்வுகளில் ஏறக்குறைய எல்லாக் கணக்குகளின் கடைசி வரியும் ஒன்றுதான்: 'உறுப்புகளின் எடையைப் புறக்கணிக்கவும்.' மாணவனின் வேலையை எளிதாக்க எழுதப்பட்ட வரி அது. இருபத்தாறு ஆண்டுகளாகத் தேவானந்தத்தின் கை அந்த வரிக்குக் கீழ்ப்படிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"எக்ஸாம்ல விடலாம் தேவா," என்றாள் அவள் மெதுவாக. "எக்ஸாமுக்கு வெரலு கெடையாது."

அவன் கடைசியாக ஒன்று கேட்டான். "சிக்குன தகட்ட எடுக்க உள்ள கை விடறதுக்கு முன்ன, மேல் இரும்பைத் தாங்க முட்டுக்கட்டை வெச்சிருக்கணும்ல?"

"புது அச்சு ஒசரம். பழைய முட்டு உள்ள நுழையாது. புதுசு வெட்டிக் குடுங்கன்னு கேட்டதும் நான்தான்."

அவன் எடைக்கான கோட்டைப் போட்டான். உருவம் மூடியது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நான் மெஷின் கிட்ட அரை மணி நேரம்தான் நின்னேன். அதுக்குள்ள டீ வந்துடுச்சு," என்றான். அவன் வாயிலிருந்து அன்று வந்த முழு உண்மை அதுதான்.

அங்கேயே மூன்றாம் பக்கம் எழுதினான். தன் முடிவு பிழையானது, மிதியை யாரும் அழுத்தியிருக்கத் தேவையில்லை, தேய்ந்த பிரேக்கும் குறைந்த ஸ்பிரிங்கும்தான் காரணம், இதை முன்கூட்டியே எச்சரித்தவர் ஹேமாவதி என்று எழுதிக் கையொப்பமிட்டான். திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தான். நிர்வாகம் அதை வாங்கவில்லை. அறிக்கை முடிந்துவிட்டதாம், இரண்டு பக்கமே போதுமாம்.

வரும் செவ்வாய், காலை பதினொரு மணிக்கு, பட்டறை அலுவலகத்தில் கடைசி விசாரணை. தேவானந்தம் அந்த மூன்றாம் பக்கத்தை உரக்கப் படிக்கப் போகிறான். நான்கு சுவர்களுக்குள் படித்தால் அது காற்றோடு போய்விடும். ஆகவே வாருங்கள். மறைமலை நகரிலிருந்து வாருங்கள், பல்லாவரத்திலிருந்து வாருங்கள், வேலை முறை மாற்றிக்கொண்டு வாருங்கள். வாசலில் நின்று, அந்தப் பக்கத்தை வாங்கிக் கோப்பில் சேர்க்கும்வரை நகராதீர்கள். வர இயலாதவர்கள் நாளைக் காலை உங்கள் பட்டறையில் ஒன்று செய்யுங்கள்: புது அச்சு ஏறிய ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதன் எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கையும் அதன் உயரத்துக்கு வெட்டிய முட்டுக்கட்டையையும் கேளுங்கள். அவை கைக்கு வந்து சேரும்வரை, யார் சொன்னாலும், அச்சுக்குள் கையை விடாதீர்கள்.