மீன் படம் போட்ட உப்பு

ஐஸ் பெட்டியைக் கூடத்தின் நடுவில் இறக்கி, அதில் உடம்பைக் கிடத்திவிட்டு, வயரைக் கையில் பிடித்தபடி வீரமணி சித்தப்பா சுவர் சுவராகத் தேடினார். செல்லிப்பட்டிலிருந்து விடிந்ததும் பைக்கில் கிளம்பி வந்தவர். அண்ணன் செத்த வீட்டில் அழுவதற்கு முன்னால் ஆக வேண்டிய வேலைகள் இருக்கின்றன என்று நம்புகிற ஆள்.

"பெரிய பிளக்கு எங்கடா இருக்குது?"

கூடத்தில் பெரிய பிளக் ஒன்றுதான் இருந்தது. அது மீன் தொட்டிக்குப் பின்னால். தான் சொல்லாவிட்டால் அது யார் கண்ணிலும் படாது என்பதுபோல் தமிழ்க்குமரன் நின்றான். சித்தப்பா தானே குனிந்து கண்டுபிடித்தார். தொட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் வயரைச் செருகினார்.

தொட்டிக்குள் எந்நேரமும் சுழன்றுகொண்டிருந்த தண்ணீர் நின்றது. நீல விளக்கு அணைந்தது.

"சித்தப்பா, அது..."

"இன்னாடா?"

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். பெட்டிக்குள் அப்பா சாமிநாதன் மூக்கில் பஞ்சோடு, வெளுத்த கரை வேட்டியில் படுத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல," என்றான் குமரன்.

ஒன்றுமில்லை என்று சொன்ன வாய்க்குள்ளேயே இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓட்டம் இல்லாமல் பவளங்கள் எவ்வளவு நேரம் தாங்கும்? சாயங்காலம் வரை தாங்குமா? அந்தக் கணக்கை நிறுத்த அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். முகம் தெரிந்தது. கணக்கு நிற்கவில்லை.

அக்கா வெண்ணிலா எழுந்து போய்ப் பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியின் மேல் போர்த்தினாள். "கண்ணாடியில அப்பா மொகம் தெரியுதுடா. பாக்க முடியல," என்றாள். குமரன் புடவையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்து மூடினான். தொட்டிக்காகச் செய்கிறானா, அக்காவுக்காகவா என்று அவனுக்கே தெரியவில்லை.

சேதராப்பட்டுக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவனுக்குக் கடல் தொட்டி எதற்கு என்று பாகூரில் கேட்காதவர்கள் இல்லை. வண்ண மீன் என்றால் சாதாரணத் தண்ணீரில் விடலாம். இவனுடையவை பவளங்கள். பார்க்கப் பூப்போல இருந்தாலும் உயிருள்ள சிறு பிராணிகள். கடல்நீரைத் தவிர வேறெதிலும் பிழைக்காதவை. பக்கத்துக் கடலிலிருந்து ஒருமுறை கேனில் மொண்டுவந்து ஊற்றினான். மழைக்காலத்துக் கலங்கல் தண்ணீர். பாசி பிடித்துப் பாதி போயிற்று. அதன் பிறகு செயற்கைக் கடல் உப்புதான். அளந்து, சுத்தமான தண்ணீரில் கரைத்து, வாரம் ஒருமுறை தொட்டியின் தண்ணீரை மாற்ற வேண்டும்.

உப்பிலும் பல வகை இருந்தது. சீக்கிரம் வளரட்டும் என்று காரத்தன்மை கூடுதலாக உள்ள ஒன்றை வாங்கினான். பவளங்களின் நுனி வெந்ததுபோல் வெளுத்துக்கொண்டு வந்தது. இயற்கைக் கடலுக்கு நெருக்கமான வேறொன்றுக்கு மாற வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கவே மாதக்கணக்காகப் படித்தான். சாப்பிடும்போதும் போனில் உப்புதான்.

"உரக்கடையில கூட நான் இவ்ளோ ரோசன பண்ணதில்லடா," என்று அப்பா சிரிப்பார். கரும்பு போடுகிறவர். கேலி செய்துவிட்டு, கூடவே உட்கார்ந்து படங்களைப் பார்ப்பார்.

கடைசியில் ஒன்றை முடிவு செய்து வரவழைத்தான். நேற்று சாயங்காலம் பார்சல் வரும் என்று செய்தி வந்திருந்தது.

நேற்று சாயங்காலம்தான் அப்பாவும் கேட்டார். "குமரா, நெஞ்சு ஒரு மாரி பெசையுதுடா. ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துடலாமா?"

"காலைல போலாம்பா. பார்சல்காரன் வருவான். ஓடிபி கேப்பான். நான் இல்லன்னா திருப்பி எடுத்துக்கினு போயிடுவான்."

"சரி, காலைலயே போலாம்," என்றார் அப்பா. கோபமெல்லாம் இல்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவரே எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்தார். "அவன் இல்லடா," என்று வந்து உட்கார்ந்தார். விளக்கு வைக்கும்வரை அப்படி நடந்துகொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அம்மா செங்கமலம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பார்சல் வரவில்லை. விடியற்காலை அம்மா காப்பியோடு எழுப்பப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை.

உச்சி வெயிலில், மேளம் அடித்துக்கொண்டிருந்தபோது, பந்தலுக்கு வெளியே ஒரு பைக் வந்து நின்றது. பின்னால் பெரிய அட்டைப் பெட்டி. வந்தவர் பந்தலைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினார். நடுவயதுக்காரர்.

"தமிழ்க்குமரன் யாருங்க?"

நான்கைந்து கைகள் குமரனைக் காட்டின. அவன் எழுந்து போனான்.

"நேத்து வண்டி மக்கர் பண்ணிடுச்சு சார். இங்க இப்பிடின்னு தெரியாது." அவர் தயங்கினார். "வேணாம்னா திருப்பி எடுத்துக்கினு போயிடறேன். எடுத்துக்கறதுன்னா ஓடிபி மட்டும் சொல்லணும்."

எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடலாம். குமரன் வாய் திறந்தான். ஆனால் கை அதற்குள் போனை எடுத்திருந்தது. எண்களை மெல்லச் சொன்னான். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதருகே கை வைத்து, "இன்னா சார்?" என்றார். பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்க்க, அப்பன் பிணம் கிடக்கிற வீட்டு வாசலில் நின்று குமரன் அந்த எண்களை ஒவ்வொன்றாகக் கத்திச் சொன்னான்.

பெட்டியைத் தூக்கிப் போய் மாட்டுக் கொட்டகை ஓரம் சாக்குக்குக் கீழே தள்ளினான்.

அவர்கள் வகையறாவில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். குழியில் உடம்பைச் சுற்றி உப்புக் கொட்டுவார்கள். தூக்குகிற நேரம் நெருங்கியபோதுதான் சித்தப்பாவுக்கு உப்பு ஞாபகம் வந்தது. கடைக்கு ஆள் அனுப்பச் சைக்கிள் தேடிக் கொட்டகைப் பக்கம் போனவர், அட்டைப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பினார்.

"இங்கயே இருக்குதேய்யா. சால்ட்டுன்னு போட்டிருக்குது." அரிவாளால் கீறினார். உள்ளே வெள்ளை வாளி ஒன்று இருந்தது. மேலே நீலக் கடல், ஆரஞ்சு மீன்.

"மீன் படம் இன்னாத்துக்கு?" என்றார் ஒருவர்.

"கடல் உப்புக்கு மாட்டுப் படமா போடுவான்?" என்றார் கனகராஜ் மாமா. அம்மாவின் தம்பி. எழவு வீட்டிலும் வாய் ஓயாதவர். "பையன் காலையிலயே சொல்லி வெச்சிருக்கான் பாரு. நமக்கு யாருக்காவது தோணிச்சா?"

சித்தப்பா வாளியைத் தூக்கினார்.

"சித்தப்பா," என்றான் குமரன். "பாதி போதாதா?"

"பாதியா? ஒங்கப்பன் ஆறடி ஆளுடா."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். குமரன் தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது அம்மா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் அவனை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

சித்தப்பாவுக்கு என்ன தோன்றியதோ, அவளிடம் திரும்பினார். "அண்ணி, இது உப்புதான? வேற எதுக்கும் வாங்கலியே?"

குமரன் காத்திருந்தான். அவள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொல்லிவிடக் கூடாது என்றும் இருந்தது.

"உப்புதான்," என்றாள் அம்மா. "அவருகூடயே போவட்டும்."

இடுகாட்டில் குழி வெட்டினவர்கள் மண்வெட்டியை ஊன்றி நின்றார்கள். அப்பாவை இறக்கினார்கள். முதல் பிடி பிள்ளைதான் போட வேண்டும் என்று வாளியைச் சித்தப்பா அவனிடம் நீட்டினார். மூடியைத் திறக்க அவருக்குத் தெரியவில்லை. குமரன் ஓரத்து வளையத்தைக் கிழித்துத் திறந்தான். உள்ளே ஈரம் படாத, மாவு போன்ற, துளி அழுக்கில்லாத வெண்மை. இத்தனை நாள் படத்தில் மட்டும் பார்த்தது. கை விட்டு அள்ளினான். போட்டான். மெல்லிய புகைபோல எழும்பி அப்பாவின் கால்மாட்டில் அடங்கியது.

"இன்னா நைசு பாரு," என்றார் குழி வெட்டினவர்களில் ஒருவர். "நம்ம கல்லுப்பு குத்தும். இது பஞ்சு மாரி வுழுவுது."

"ஆன்லைன்யா," என்றார் மாமா. "பொணம் எடுக்கறதுக்குள்ள வாசல்ல கொண்டாந்து வெச்சுட்டுப் போறான். நான் செத்தா என் புள்ள ரேஷன் உப்புதான் போடுவான்."

சிலர் சிரித்து, இடம் நினைவு வந்து அடக்கிக்கொண்டார்கள்.

"இல்ல மாமா, அது..." என்றான் குமரன்.

"சும்மா இருடா, செய்யறதச் செஞ்சிட்டு சொல்லிக்கக் கூடாதுன்னு பாக்கற. ஒங்கப்பனும் இப்பிடித்தான்." மாமாவின் குரல் சட்டென்று உடைந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

உப்பு எதற்கென்று குமரன் சொன்னால் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சொல்ல வேண்டும். அப்பா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும். சித்தப்பா வாளியைக் கவிழ்த்தார். உப்பு தோளை மூடியது, மார்பை மூடியது. குமரன் மூன்று முறை மண் தள்ளினான். மற்றவர்கள் மளமளவென்று மூடினார்கள்.

வழியில் இருந்த போர்வெல் கொட்டகையில் மோட்டார் போட்டுவிட்டிருந்தார்கள். எல்லாரும் வரிசையாகக் குளித்தார்கள். குமரன் தலையை நனைத்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றான். கனகராஜ் மாமா ஈரத் துண்டோடு பக்கத்தில் வந்தார். கையில் போன்.

"குமரா, அந்த ஆன்லைன் ஆப்ப இதுல ஏத்திக் குடுடா. நாளைக்கு யாருக்கு எப்ப வேணுமோ. வயசானவங்க நாலு பேரு வூட்ல இருக்காங்க."

"அப்பறம் பண்ணித் தரேன் மாமா."

"அப்பறம் மறந்துடும். இப்பவே போடு."

குமரன் போனை வாங்கினான். விரல் ஈரமாக இருந்தது. திரை அதை ஏற்கவில்லை. இடுப்பு வேட்டியில் துடைத்தான். வேட்டியும் ஈரம். மாமா தோளில் கிடந்த சட்டையின் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டு அவன் ஆப்பின் பெயரைத் தட்டி அதை ஏற்றினான்.

மாமா கண்ணைச் சுருக்கி, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"உப்புன்னு போட்டா வந்துடுமா?"

"கடல் உப்புன்னு போடுங்க மாமா," என்றான் குமரன்.

மாமா போனை வாங்கி, உதட்டை அசைத்துக்கொண்டே, ஒற்றை விரலால் 'க'வைத் தேடினார்.