ஐசமைப் பெற்றவள்

லவோனியா டார்வர் தன் முன்னோர்களை எப்போதும் பின்னோக்கித்தான் தேடுவாள். 1870ஆம் வருட அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் ஐசம் டார்வர் இருந்தான்: வயது இருபத்தெட்டு, விவசாயி. அவளுடைய தாத்தாவின் தாத்தா. அதற்குப் பத்து வருடம் முன்னால் அவன் அடிமை. அடிமைகளைக் கணக்கெடுத்தவர்கள் முதலாளியின் பெயரை எழுதி, அதன் அடியில் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் மட்டும் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலாளியின் குடும்பப் பெயர்தான் அடிமைக்கும் வந்திருக்கும் என்று எண்ணி, டார்வர் என்ற வெள்ளைக்காரர்களைத் தேடினாள். ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றில் பதினெட்டு வயது ஆண் ஒருவன் இருந்தான். வயது பொருந்திவிட்டது. போன ஜூலையில், குடும்பமே முன்னோர் பெயர்கள் அச்சடித்த ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு கூடும் நாளில், எல்லோரையும் அங்கே அழைத்துப் போனாள். பெரியவர்கள் மண்டியிட்டு அழுதார்கள். ஆளுக்கொரு ஜாடியில் மண் அள்ளிக்கொண்டார்கள். அந்த வேகத்தில் அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்: அடுத்த வருடச் சட்டையில் ஐசமுக்கு மேலே அவனைப் பெற்றவளின் பெயர் இருக்கும்.

இந்த வாரம் சட்டை அச்சடிப்பவர் பெயரைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தபோது, காப்பகத்திலிருந்து ஐசமின் ராணுவ பென்ஷன் காகிதங்கள் வந்தன. அதில் அவன் விதவையின் வாக்குமூலம் இருந்தது. உள்நாட்டுப் போர் வந்தபோது ஐசம் ப்ரூயிட் என்பவரிடம் அடிமையாக இருந்தானாம். டார்வர் என்பது அவன் அப்பாவின் பெயராம்.

விடுதலையானவர்கள் தாங்கள் விரும்பிய பெயரையே வைத்துக்கொண்டார்கள் என்பது லவோனியாவுக்குத் தெரியாததல்ல. வயது பொருந்தியதும் மறந்துபோனாள்.

"அப்போ என் வீட்ல டிவி பக்கத்துல இருக்கிறது யார் வீட்டு மண்ணு?" என்றான் தம்பி க்ளியோட்டிஸ், வறுத்த மீனை மென்றுகொண்டே.

"யார் வீட்டு மண்ணோ."

"நல்லாருக்கு. என் பொண்டாட்டி மார்லீன் அதுக்கு தினமும் தூசி தட்டிக்கிட்டிருக்கா."

ப்ரூயிட்டின் அடிமைகள் பட்டியலை லவோனியா திரையில் திறந்தாள். பதினெட்டு வயது ஆண் ஒருவன் இருந்தான். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. முப்பத்தைந்தில் ஒருத்தி. அறுபதில் ஒருத்தி. பெற்றவள் இவர்களில் ஒருத்தியாக இருக்கலாம். ஐசமின் அப்பா அடிமையாக இருந்த இடத்திலேயே தங்கியிருக்கலாம், அது எந்த டார்வரிடம் என்று விதவை சொல்லவில்லை. மகனை விட்டு எங்கோ விற்கப்பட்டும் இருக்கலாம்.

"ஐசமோட மூத்த பொண்ணு டைசிதானே?" என்றான் க்ளியோட்டிஸ். "தன்னைப் பெத்தவ பேரைத்தான் வச்சிருப்பாரு. டைசின்னு போட்டுரு."

"பொண்டாட்டியோட அம்மா பேரா இருந்தா?"

"அக்கா, ரெண்டு பேரும் நமக்குப் பாட்டிதான். பாட்டிங்க சண்டைக்கு வரப் போறாங்களா?"

லவோனியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சடிப்பவருக்கு 'டைசி' என்று தட்டினாள். அனுப்பவில்லை. அந்தப் பெண்ணை வாழ்நாளெல்லாம் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். இத்தனை காலம் கழித்துச் சொந்தப் பிள்ளைகளே வேறு எவளுடைய பெயரையோ சொல்லிக் கூப்பிடுவதா? அழித்துவிட்டு, அவருக்கே போன் போட்டாள்.

"போன வருஷம் மாதிரியே போட்டுருங்க. மேல ஐசம்."

"அவங்க அம்மா பேரு வரும்னு சொன்னீங்களேம்மா?"

"வராது."

"கலராவது மாத்தலாமா?"

"உங்க இஷ்டம்," என்றாள் லவோனியா.