பிள்ளைகள் போதும் என்று ஒரு வரி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது இல்லை. சிராங்கூன் சாலையில் ஓர் உணவகம், ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து மேசையில் ஒரு கணவனும் மனைவியும்.

"குண்டு வேண்டாம்னு நான் போய்ப் பேசணுமா? ஏங்க நான்?"

"சீட்டுல அப்படித்தான் வந்துச்சு. நான் என்ன பண்றது லா?"

அவ்வளவுதான் காதில் விழுந்தது. அதன்பின் தோசை தீரும்வரை இருவரும் பேசவில்லை. அது சண்டைக்காரர்களின் மௌனம் இல்லை. பல வருடம் சேர்ந்து இருந்தவர்களின் மௌனம். நான் புத்தகத்தை விரித்தபடி, ஒரு பக்கமும் திருப்பாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். [மௌனத்தைக் கேட்டேன் என்று எழுதலாமா? இருக்கட்டும்.]

2

முதல் தொடக்கம்: "பெரிய நாடுகளுக்கு நடுவே ஒரு சிறிய நாடு இருந்தது..." விட்டுவிட்டேன். அடுத்த வரியில் ராஜா வந்துவிடுவார்.

இரண்டாவது: "அணுகுண்டு வைத்திருக்கும் நாட்டை யாரும் தொடுவதில்லை என்பது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு..." இதை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது நிலைத்துவிட்டது. ஈசூனில் ஒரு சமூக மன்றம். அங்கே பட்டிமன்றம். தலைப்பு: ஆபத்துக்கு நடுவே வாழும் சிறிய நாட்டுக்கு அணுகுண்டு வேண்டுமா, வேண்டாமா?* மருந்தகத்தில் வேலை பார்க்கும் பாக்கியலட்சுமிக்குச் சீட்டில் 'வேண்டாம்' அணி விழுந்தது. கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் அவர் கணவர் மாசிலாமணிக்கு 'வேண்டும்'. பட்டாசுச் சத்தத்துக்கே முகம் சுளிக்கும் மனிதர். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர் அணி என்றால் கூட்டம் வரும் என்று ஏற்பாட்டாளர்களுக்குச் சந்தோஷம்.

* எந்த நாட்டின் பெயரையும் சொல்லக் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. பெயர் சொல்லாவிட்டால் வந்திருக்கும் எல்லோரும் சொந்த நாட்டையே நினைத்துக்கொள்வார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

3

"ஏங்க நான்?" என்று அந்தப் பெண் ஏன் கேட்டார்? உணவகத்தில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் பாக்கியலட்சுமிக்கு ஒரு மகனைக் கொடுத்தேன். பெயர் அர்ஜுன். பட்டிமன்றம் முடிந்த மறுவாரம் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, தெக்கோங் தீவுக்குப் போகிறான். ஒரு காரணத்துக்காகச் சேர்த்த பிள்ளை. கதை முழுவதையும் அவனே எடுத்துக்கொண்டான்.

வீட்டில் ஒத்திகை நடக்கிறது.

"கடைசியில இப்படி முடி பாக்கியம். 'நமக்குக் குண்டு எதுக்கு நடுவர் அவர்களே? எங்க பிள்ளைங்க போதும்!' கைதட்டலை அள்ளிக்கிட்டுப் போகும்."

"எதிரணித் தலைவர் எனக்கு வசனம் எழுதித் தர்றாரு!"

"நீ நல்லாப் பேசுனாத்தான நான் ஜெயிக்கிறதுல ஒரு பெருமை?"

"ரொம்பத்தான்." பாக்கியலட்சுமி தாளித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அர்ஜுன் முன்னாடி உட்கார்ந்திருப்பான். 'இந்தாங்க, எடுத்துக்குங்க'ன்னு அவனைத் தட்டுல வச்சு நீட்டுற மாதிரி இருக்குங்க. என் வாயால அதைச் சொல்ல மாட்டேன்."

"மேடைப் பேச்சு லா. யாரு நிஜம்னு எடுத்துக்கப் போறா?"

"அவன் எடுத்துக்குவான்."

பாக்கியலட்சுமி அடுப்பைத் தணித்தார்.

"குண்டுன்னு ஒண்ணு இருந்தா இவன் போக வேண்டாம்ல?"

"இருந்தா அதுக்குக் காவல் நிக்கவும் இவனைத்தான் கூப்பிடுவாங்க, பாக்கியம்."

அறையிலிருந்து அர்ஜுன் வந்தான். "ரெண்டு பேரும் என்னை வச்சே பாயிண்ட் எடுக்குறீங்க லா. மா, சாப்பாடு ரெடியா?"

[இந்தப் பகுதியை எழுதி முடித்தபோது நன்றாக இருந்தது. எழுந்துபோய் எனக்கும் சமைத்துக்கொண்டேன்.]

4

உங்கள் கருத்து என்ன என்று என்னைக் கேட்பீர்கள். ஒரே அடியில் முடிந்துபோகும் நாட்டுக்குத் திருப்பி அடிக்கும் ஆயுதம் எதற்கு? அதை எடுக்க ஆளே இருக்காது. ஆனால், ஒரே அடியில் முடிந்துபோகும் என்பதால்தானே அந்த முதல் அடி விழாமல் தடுக்க வேண்டும்? மிரட்ட ஒன்று கையில் இருந்தால் தடுக்கலாம். பக்கத்து நாடும் இப்படியே யோசித்து ஒன்று செய்துகொண்டால்? வண்டி இறங்கி வீடு வரும்வரை இதையே நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது எந்தப் பக்கம் இருந்தேன் என்று எனக்கே மறந்திருக்கும்.

பாக்கியலட்சுமிக்கு என் குழப்பத்தால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு இருப்பது ஒரே ஒரு வரி. அதைச் சொல்வதா வேண்டாமா என்பதுதான்.

5

முடிவு, ஒன்று: சொல்கிறார். அரங்கம் அதிர்கிறது. அர்ஜுனும் கைதட்டுகிறான். இதை அடித்துவிட்டேன். அவன் தட்டுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

முடிவு, இரண்டு: கணவர் அடுப்படியில் சொன்னதையே பாக்கியலட்சுமி எடுத்து அவர்மீது வீசுகிறார். "நடுவர் அவர்களே, குண்டுக்குக் காவல் நிக்கப் போறது யாரு? எதிரணித் தலைவரா?" அரங்கம் சிரிக்கிறது, மாசிலாமணியும் சிரிக்கிறார். நல்ல முடிவு. ஆனால் பாக்கியலட்சுமியின் அணி ஜெயித்துவிடுகிறது, அவர் மனசு மட்டும் குண்டு கேட்கும் பக்கத்திலேயே நிற்கிறது. இதையும் அடித்துவிட்டேன்.

முடிவு, மூன்று: பேச்சு கடைசி வரிக்கு வந்துவிட்டது. பாக்கியலட்சுமி நிறுத்துகிறார். எச்சரிக்கை மணி அடித்தாயிற்று. மாசிலாமணி எதிர் மேசையிலிருந்து, வேண்டாம், விட்டுவிடு என்பதுபோல் மெல்லத் தலையசைக்கிறார். நடுவர் பேனாவை மூடுகிறார். நான் இதுவரை எழுதியதிலேயே நீளமான மௌனம் இதுதான். இதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் கலையுங்கள். மூன்றாவது வரிசையில்தான் உங்கள் இடம். பக்கத்து நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்த அர்ஜுன் உங்கள் பக்கம் திரும்புகிறான்.

"அம்மா அந்த வரியைச் சொன்னா, நீங்க கைதட்டுவீங்களா?"