அடிமண்டி

அந்த அமில பாட்டிலைத் திறந்தாலே எனக்குக் குமட்டும். ஓலிக் அமிலம் என்று பேர்தான் பெரிது. வாடை என்னவோ காறிப்போன எண்ணெயின் வாடை. அடியில் மஞ்சளாக மண்டி. வீட்டுக்குப் போனால் கணவர் கதவைத் திறந்துகொண்டே, "நீ ஆராய்ச்சிதான் பண்றியா, இல்ல செக்கு ஆட்டுறியா?" என்பார்.

ஆனால் என் முனைவர் பட்டமே அந்த பாட்டிலை நம்பித்தான் இருந்தது. இரும்பு உப்பை அந்த அமிலத்தோடு கொதிக்கவைத்தால் கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்கள் விளையும். உருண்டைத் துகளை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். கனசதுரமாக வந்தால்தான் ஆய்விதழ்காரர்கள் ஏறெடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு ஆறு முறை கனசதுரம் வந்தது. மெதுவாகச் சூடேற்றியதுதான் காரணம் என்று என் கைடு கட்டுரை எழுதி, அதுவும் அச்சாகிவிட்டது.

பிறகு புது பாட்டில் வந்தது. அதே சூடு, அதே நேரம். நாலு முறையும் உருண்டை. பழைய பாட்டிலில் மிஞ்சியதை எடுத்தேன், கனசதுரம். அப்போதுதான் உறைத்தது. சோடியம் உப்பு கரைத்த குடுவையைக் கழுவாமல் அதிலேயே அமிலத்தை அளந்து, மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் திரும்பவும் அந்தப் பழைய பாட்டிலில் ஊற்றியவள் நான்தான். முதல் வருட மாணவிகூடச் செய்யாத வேலை. அந்த அழுக்குதான் துகளைக் கனசதுரமாக்கியிருக்கிறது.

கைடிடம் சொன்னேன். பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"அழுக்கு பாட்டில்னு எழுதினா உனக்கு எவன்மா பட்டம் குடுப்பான்? சுத்தமான அமிலம்னே இருக்கட்டும். வாய மூடிட்டு வைவாவ முடி."

குச்சியின் நுனியைப் பார்த்துவிட்டு மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார். சீ என்று இருந்தது. ஆனாலும் மாடு மாதிரி தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வைவா என்கிற அந்த வாய்மொழித் தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வேறொரு ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"அக்கா, உங்க பேப்பர்ல இருக்கிறபடியேதான் பண்றேன். ஒன்றரை வருஷமா உருண்டையாவே வருது. நான் எதாவது விட்டுட்டேனா?"

சொல்ல வாய் வரை வந்தது. பட்டம் கண்முன் நின்றது.

"இன்னும் மெதுவா சூடேத்திப் பாரும்மா" என்றேன்.

"சரிக்கா. இந்தத் தடவையும் வரலைன்னா தலைப்பையே மாத்தச் சொல்லிட்டாங்க."

எனக்குப் பட்டம் கிடைத்த மறுநாள் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "ஆராய்ச்சியவே விட்டுட்டேன்க்கா. உங்க கைராசி எனக்கு இல்ல. வாழ்த்துகள்."

நான் "நன்றிம்மா" என்று பதில் போட்டேன். போதாதென்று, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ படமும் சேர்த்தேன்.