பாதித் தம்ளரில் பனிமலை

ஆரணியில் தேநீர் அருந்துவோரின் கண்களும் கால்களும் அந்தத் தேயிலை விளைந்த ஊருக்குச் சென்றுவிடும். காதும் வாயும் கையும் வீட்டு நாற்காலியிலேயே இருக்கும். செருப்பும் அதை ஒட்டியிருப்பதும் மட்டும் இரண்டு இடத்திலும் இருக்கும். தம்ளர் காலியானதும் போனவை திரும்பிவிடும். ஆகவே, தேநீர் வேளையில் வீட்டுக்குள் செருப்பணிவது அவ்வூரில் மரியாதையாகக் கருதப்பட்டது.

எதிர்வீட்டு அமிர்தவல்லி நீலகிரிச் சேறு படிந்த தன் செருப்பைக் கழுவுவதே இல்லை. மூணாறு போய்வந்த அன்று, ஒற்றைச் செருப்பைக் கையிலேந்தியவாறு எண்ணெய்க் கடன் கேட்க வந்தாள்.

நாச்சியாருக்குக் காட்டிக்கொள்ளும்படியான சேறு வாய்த்ததில்லை. அவள் கணவர் ஏகாம்பரம் எந்தத் தேநீரையும் இருவருக்காகப் பிரித்தே குடிப்பவர். ஒரு முழுத் தேநீரை ஒருவரே குடிப்பது அவருடைய அகராதியில் ஒழுக்கக்கேடு. பாதித் தேநீரோ பாதி வழிதான் செல்லும். நாச்சியாரின் தம்பி டார்ஜீலிங் தேயிலை அனுப்பியிருந்தான். பனிமலையை ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் இருவரும் ஒடிசாவில் ஒரு பாலத்தடியில் போய் நின்றார்கள். அங்கே ஓர் எருமை நின்றது.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு. மலைல மட்டும் இன்னா வச்சிருக்கான்?" என்பார் ஏகாம்பரம். அந்த எருமைக்கு அவரைப் பிடித்திருந்தது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

பொட்டலத்தில் ஒரு தம்ளருக்கான தூளே மிஞ்சிய நாளன்று, பிரித்து ஊற்ற இன்னொரு தம்ளர் எடுக்க அவர் அடுப்படிக்குப் போனார். நாச்சியார் செருப்பை மாட்டிக்கொண்டு குடிக்கத் தொடங்கினாள்.

"ஏண்டி, என் பாதி எங்க?"

"குடிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒரு வாய் வச்சிருக்கேன்."

"அதையாவது குடு."

"குடுத்தா தம்ளர் காலியாயிடும்ங்க. நான் திரும்பி வந்துடுவேன்."

அவள் கண்ணெதிரே மலை நின்றது. அது யாரையும் வரவேற்கவில்லை. யாரிடமும் பாதி கேட்கவுமில்லை. நாச்சியாருக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

"ராத்திரிக்குச் சாப்பாடு?" என்றது ஏகாம்பரத்தின் குரல்.

"எருமையக் கேளுங்க."

பனி பெய்யத் தொடங்கியது. செருப்பின்மேல் விழுந்த பனி ஆரணிக் கூடத்திலும் குவிந்தது. அவர் சாக்கை விரித்துத் துடைப்பதும், வீட்டை நாசமாக்குகிறாள் என்று புலம்புவதும் அவள் காதில் விழுந்தன. பிறகு அவருடைய விரல்கள் தம்ளரைப் பற்றின. அவள் வாயை உள்ளங்கையால் மூடி இறுக்கினாள், தம்ளரின் வாயைத்தான். அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கலானார். மலை லேசாக மங்கியது.

அப்போது அமிர்தவல்லியின் குரல் கேட்டது.

"அண்ணே, காலையிலேருந்து கரண்டு இல்ல. மாவு புளிச்சிடும். அக்கா செருப்பாண்ட பனி கொட்டுதே, சும்மாதானே கிடக்குது? ஓரமா வச்சிட்டுப் போறேன்."

ஏகாம்பரத்தின் விரல்கள் நின்றன. அவர் யோசிக்கும்போது மூக்கால் ஓர் ஒலி எழும், அது எழுந்தது.

"நம்ம பாலும் கெடாது இல்ல?"

"ஐஸ்கிரீமே கெடாதுண்ணே."

விரல்கள் விலகின.

"நாச்சியா, நீ ஒண்ணும் அவசரப்படாத," என்றார் அவர், திருமணமான நாள்முதல் கேட்டறியாத கனிவோடு. "நின்னு நிதானமா பாரு. அந்த ஒரு வாய சிந்திடாத."

மலையடிவாரத்துப் பனியில், அவளுடைய செருப்பையொட்டி இட்லி மாவுப் பாத்திரம் வந்து அமர்ந்தது. பின்னர் பால் வந்தது. அதன் பின், எந்த வீட்டுடையது என்று தெரியாத மீன் குழம்பும், பந்தாகச் சுருட்டிய மல்லிகைச் சரமும் வந்தன. நாச்சியார் காலைச் சற்று நகர்த்தி இடம் கொடுத்தாள். மலையின் அடிப்பகுதியை மறைத்த பெரிய அண்டாவை மட்டும் பாதத்தால் ஒதுக்கிவிட்டு, நிமிர்ந்து பார்த்தாள்.