பூஜ்ஜியப் பொத்தான்

பாலத்தின் இந்தக் கரையில் ஓர் அறை. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு திரை, அப்புறம் பெட்டிக்காரர். அவ்வளவுதான் குடும்பம். தூண்களில் சென்சார் பெட்டிகளை மாட்டி, எந்தத் தூண் எவ்வளவு சாய்கிறது என்று திரையில் பார்ப்பது அவர் வேலை. கைபேசியைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதற்குக் காரணமான சில்லுதான் பெட்டிக்குள்ளும் இருந்தது. விலை மலிவு. அதனாலோ என்னவோ கொஞ்சம் வாய்க்கொழுப்பும் உண்டு; தூண் சும்மா நின்றாலும் சாய்ந்ததாகச் சொல்லும். அதற்காக மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரைத் தேடி ஆள் வரும். எதிர்க்கரையிலிருந்து அக்கா பஸ் பிடித்து வருவாள். வந்ததும் திட்ட ஆரம்பித்தால் கிளம்பும்வரை ஓயமாட்டாள். அந்தத் திட்டை வைத்துத்தான் மிச்ச வாரத்தை அவர் ஓட்டினார்.

இந்த மாதம் காய்ச்சலில் படுத்ததில் பொத்தானை அழுத்தவில்லை. எழுந்து பார்த்தால் திரையில் நடுத்தூணின் சாய்வுக் கோடு ஏறிக்கொண்டே போயிருந்தது. "உனக்குமா காய்ச்சல்?" என்று அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார். கழற்றியதை மேசையில் வைத்தார். பெட்டிக்குக் கோளாறு என்றால் மேசையிலும் கோடு ஏறவேண்டும். அதன் கோடோ அடித்துப்போட்டதுபோல் படுத்தே கிடந்தது. தூணில் மாட்டிய புதுப் பெட்டிதான் ஏற ஆரம்பித்தது.

தூண் நிஜமாகவே சாய்ந்துகொண்டிருந்தது. மாதாமாதம் அந்தச் சாய்வைத் திரையிலிருந்து துடைத்துச் சுத்தமாக வைத்தது பொத்தானை அழுத்திய அவருடைய விரலேதான்.

அன்று சனிக்கிழமை. பாலத்தை மூடினால் சுற்றுவழியில் அரைநாள் ஆகும். முட்டிவலிக்கார அக்கா இனி வரவே மாட்டாள். நாளைக்கு ஒருநாள் மட்டும் வந்து போகட்டுமே என்று மனசு கெஞ்சியது. அவள் பஸ் வருவதும் இதே தூணின் மேல்தான் என்று உறைத்ததும், தலைமை என்ஜினியருக்குப் போன் போட்டார்.

"பாலத்த மூடணும் சார். இப்பவே."

"தப்பாப் போச்சுன்னா உங்க பெட்டி, வேலை ரெண்டும் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

ஞாயிறு காலை பாலத்தில் ஈ காக்கை இல்லை. கைபேசி அடித்தது. அக்காதான்.

"தம்பி, இங்க வழிய அடைச்சு வெச்சிருக்காங்கடா. ஒரே கூட்டம். எந்தக் கட்டையில போறவன்டா பாலத்த மூடினான்?"

"நான்தான்க்கா."

பிறந்ததிலிருந்து முதல்முறையாக அக்கா அவரைத் திட்டவில்லை. திட்டிவிட்டாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு.

"சரி, கரைக்கு வா. பாத்துட்டாவது போறேன்."

கைபேசியைக் காதில் வைத்தபடியே ஓடினார். எதிர்க்கரையில் அத்தனை தலைகளில் அக்கா எது என்று தெரியவில்லை.

"கையத் தூக்கி ஆட்டுடா. எது நீன்னு தெரியல."

"இந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான்க்கா நிக்கிறேன்."